பொருள்: பல் சிகிச்சைத் துண்டறிக்கை – 'இடைவினை'க்கு வேறு சொல்?

குழுவினருக்கு வணக்கம்.
பல் சிகிச்சைக்கு முன் மயக்கத் தணிப்பு மருந்து (பதற்றம் அடங்க அரைமயக்கம் தருவது) கொடுக்கப்படுவோருக்கான துண்டறிக்கையை வெள்ளிக்கிழமைக்குள் முடிக்க வேண்டும். மூலிகை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும் என்பதுதான் அதன் உயிர்நாடி. வலேரியன், காவா என்ற மூலிகைகள் இரண்டும் தாமே உறக்கம் தருபவை. நாம் கொடுக்கும் மயக்க மருந்தான மிடசோலத்துடன் சேர்ந்தால் மயக்கம் மிகுந்து மூச்சு மட்டுப்படலாம். செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை நேர்மாறு. குடலிலும் கல்லீரலிலும் உள்ள மருந்துகளைச் சிதைக்கும் சி.ஒய்.பி. 3ஏ4 நொதியைப் பெருக்கி, விழுங்கிய மிடசோலத்தில் பெரும்பகுதியை இரத்தத்தில் சேருமுன்பே சிதைத்துவிடும். மயக்கம் கூடுவது, குறைவது இரண்டுக்கும் பொதுவாக ஒரு சொல் வேண்டும். 'மருந்து இடைவினை' என்று எழுதினேன்; படிக்கக் கொடுத்தவர்கள் "அப்படியென்றால்?" என்று கேட்கிறார்கள்.
– ம.

அம்மா, சொல் நம்மிடமே இருக்கிறது: மாறுகோள். குறள் 944-இல் 'மாறல்ல துய்க்க' (ஒன்றோடொன்று மாறுபடாத உணவை உண்க) என்பதற்குப் பரிமேலழகர் உரையைப் பாருங்கள். தேனும் நெய்யும் அளவொத்தால் நஞ்சாவதைக் காட்டுகிறார். தனித்தனியே நல்லவை, சேர்ந்தால் தீங்கு. நீங்கள் கேட்கும் கருத்து இதுதானே? நன்னூல் சொல்லும் நூலின் பத்துக் குற்றங்களில் 'மாறுகொளக் கூறல்' (முரணாகக் கூறல்) வருகிறது; கொள் என்ற வினை முதனிலை திரிந்து கோள் ஆகிறது. கோள் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. வானத்துக் கோளும் இதே வேர்தான் என்பது என் கருத்து. அதைத் தனி மடலில் விரிக்கிறேன்.
– த.

த. ஐயா, உரை மேற்கோள் அருமை. ஆனால் பல் மருத்துவராக ஒரு தடை. மாறுகோள் என்றால் எதிர்ப்பு என்றுதான் காதில் விழும். வலேரியன் எதிர்க்கவில்லை, மருந்து போகிற பக்கமே தானும் போகிறது. எனக்கு அதிக அச்சம் தருவது அதுதான், நாற்காலியில் இருப்பவரின் மூச்சைப் பார்த்துக்கொண்டே வேலை செய்ய வேண்டியிருக்கும். இன்னொன்று: செயின்ட் ஜான்ஸ் வோர்ட் மாத்திரையை நேற்று நிறுத்திவிட்டேன் என்று சொன்னால் போதாது. அந்த நொதி பழைய அளவுக்குத் திரும்ப ஒன்றிரண்டு வாரம் ஆகும். சொல் எதுவானாலும் சரி, இந்த வரி விடுபடக் கூடாது.
– ப.

'ஊடாட்டம்' கணினித் துறையில் ஊன்றிவிட்டது, எடுத்துக்கொள்ளலாமே? ஊடல் நினைவு வருகிறது என்பார்கள். இது ஊடு, அதாவது நடு. இலங்கைப் பாடநூல்களில் 'இடைத்தாக்கம்' உண்டு. தாக்கம் எல்லாருக்கும் புரியும்.
– இ.

ஊடு என்று நாம் பிரித்துக் காட்டினால்தான் தெரியும். சிகிச்சைக்கு வந்து பதற்றத்தோடு உட்கார்ந்திருப்பவர் கையில் இலக்கணக் குறிப்பா கொடுக்க முடியும்? இடைத்தாக்கத்துக்கு என் வாக்கு.
– ப.

எனக்கும் நேரமில்லை. தலைப்பில் 'இடைத்தாக்கம்'; உள்ளே 'மூலிகை மாத்திரை மயக்கத்தைக் கூட்டலாம், குறைக்கலாம்; எப்போது, எவ்வளவு சாப்பிட்டீர்கள் என்று முன்கூட்டியே சொல்லுங்கள்.' வேறு மறுப்பு இல்லையென்றால் இப்படியே அனுப்புகிறேன்.
– ம.

மறுப்பு உண்டு. தாக்கம் ஒன்று மற்றொன்றின் மேல் செய்வது. இங்கே இரண்டும் கூடியல்லவா கெடுக்கின்றன? மாறுகோளை நான் விடுவதாக இல்லை. அது போகட்டும், 'மயக்கத் தணிப்பு' என்றால் மயக்கத்தைத் தணிப்பது என்றல்லவா பொருள்படும்? அந்தத் தொடரை எப்படி விட்டீர்கள்?
– த.