ஐஸ்லாந்தில் ஒரு வருடம்: எந்த மாதத்தில் எதைக் கவனிக்க வேண்டும்? தீவின் நான்கு பகுதிகளில் வாழ்பவர்கள் சொல்கிறார்கள்.

ரெய்க்யாவிக்கிலிருந்து:

வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது குளிரைப் பற்றித்தான். ஆனால் தலைநகரில் ஜனவரியின் சராசரி வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டியே இருக்கும். வீடுகளில் பத்துக்கு ஒன்பது, பூமிக்கடி வெப்பத்தால்தான் சூடாகின்றன. ஆளைச் சோதிப்பது வெளிச்சமும் காற்றும்.

டிசம்பர் 21 வாக்கில் சூரியன் காலை 11.20 தாண்டித்தான் எழும், பிற்பகல் 3.30-க்கு மறைந்துவிடும். 1968 முதல் வருடம் முழுக்க இங்கே கிரீன்விச் நேரம்தான். தீவு அதற்கு மேற்கே தள்ளி இருப்பதால் சூரியன் உச்சிக்கு வரவே பிற்பகல் ஒன்றரை ஆகிவிடும். அதனால் இருட்டின் பாரம் முழுக்கக் காலையில் விழுகிறது. மதிய இடைவேளையில் கட்டாயம் வெளியே நடந்துவிட்டு வாருங்கள். குளிர்காலத்தில் தாழ்ந்து நிற்கும் வெயிலில் உடலுக்கு வைட்டமின் டி கிடைக்காது. அதற்குத்தான் இங்கே வீட்டுக்கு வீடு மீன் ஈரல் எண்ணெய் இருக்கிறது, ‘லீசி’ என்பார்கள். அக்டோபரிலேயே தொடங்கிவிடுங்கள்.

இன்னொன்று: வெந்நீர்க் குழாயில் கந்தக வாடை வரும், வெள்ளி நகை கறுக்கும். குளிக்கும்போது முதலில் குளிர்ந்த நீரைத் திறந்து, பிறகு வெந்நீரைக் கலக்குங்கள். தோலைச் சுட்டுவிடும் சூட்டில் வரும் வீடுகள் உண்டு. குடிக்க, குளிர்நீர்க் குழாயை நன்றாகக் குளிரும்வரை ஓடவிட்டுப் பிடித்தால் வாடையே இருக்காது.

தெற்குக் கடற்கரையிலிருந்து:

காற்றைப் பற்றி நான் சொல்கிறேன். காரை நிறுத்தும்போது மூக்கைக் காற்றுக்கு எதிராகத் திருப்பி நிறுத்துங்கள். ஒரு கையால் கதவைப் பிடித்தபடியே இறங்குங்கள். பின்னாலிருந்து அடிக்கும் காற்று கதவை முன்பக்கமாக மடக்கிக் கீலையே பெயர்த்துவிடும். வாடகைக் காரின் காப்பீட்டில் இந்தச் சேதம் பெரும்பாலும் சேராது. வானிலை எச்சரிக்கை மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று வரும். ஆரஞ்சு வந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். பனியில் வழுக்காமலிருக்க ஆணி பதித்த டயருக்கு நவம்பர் 1 முதல் ஏப்ரல் 14 வரை அனுமதி.

மேற்கு மலைக்கரையிலிருந்து:

இசாஃபியோர்துர் ஊரில் மலை மறைப்பதால் நவம்பர் கடைசியிலிருந்து நேரடி வெயிலே விழாது. ஜனவரி 25 வாக்கில் திரும்ப வரும். அன்று மெல்லிய பான்கேக் சுட்டுக் காப்பியோடு சாப்பிடுவார்கள். அதற்குப் பெயரே ‘சூரியக் காப்பி’.

வடக்கிலிருந்து:

ஆடுகளை விட்டுவிட்டீர்களே! கிராமத்து வருடம் ஆட்டை வைத்துத்தான் நடக்கிறது. டிசம்பர் நடுவில் கிடாய் சேர்ப்பார்கள். சினைக்காலம் ஏறக்குறைய 143 நாள், எனவே மே மாதம் குட்டி விழும். அப்போதுதான் புல்லும் துளிர்க்கும். அந்த மாதம் கொட்டகையில் இரவு பகலாக ஆள் இருக்க வேண்டும். விழுந்த குட்டியின் மூக்கைத் துடைத்து, தொப்புளில் அயோடின் தடவி, முதல் சில மணி நேரத்துக்குள் சீம்பால் உள்ளே போய்விட்டதா என்று பார்க்க வேண்டும். சீம்பால் தவறினால் நோய் எதிர்ப்பே இல்லாமல் குட்டி தளர்ந்துபோகும். ஒரு தாய் மூன்று ஈன்றால், ஒற்றைக் குட்டி போட்ட தாயிடம் ஒன்றைச் சேர்ப்பார்கள். வளர்க்கப்போகும் தாயின் பனிக்குட நீரைக் குட்டிமேல் பூசியவுடனே விட வேண்டும். அது காய்ந்த பிறகு விட்டால் முட்டித் தள்ளிவிடும்.

கோடையில் மலைக்கு ஓட்டிவிட்ட ஆடுகளை செப்டம்பரில் குதிரையிலும் நடந்தும் போய்த் திரட்டிவருவார்கள். பிறகு அவற்றைப் பண்ணைவாரியாகப் பிரிப்பதற்கு ‘ரியெத்திர்’ என்று பெயர். வட்டப் பட்டி, நடுவில் பொது முற்றம், சுற்றிலும் பண்ணைக்கு ஒரு அறை. காதுவெட்டுக் குறியையும் காது வில்லையின் எண்ணையும் பார்த்து இழுத்துச் சேர்க்க வேண்டும். வெளியாட்களும் கைகொடுக்கலாம். ரோமத்தைப் பிடித்து மட்டும் இழுக்காதீர்கள்: தோலுக்கடியில் ரத்தம் கட்டி இறைச்சி கெடும். பெரிய ஆடானால் கொம்பின் அடியைப் பிடித்து, இரு கால்களுக்கிடையே நிறுத்தி நடத்துங்கள். குட்டியின் கொம்பு எளிதில் உடையும், அதற்குத் தாடைக்கடியில் கை கொடுங்கள்.

மீண்டும் தெற்குக் கடற்கரையிலிருந்து:

எண்ணுக்கு முன்னால் ‘எஃப்’ (F) எழுத்துப் போட்ட மலைச்சாலைகள் ஜூன் நடுவிலிருந்து ஜூலைக்குள் ஒவ்வொன்றாகத் திறக்கும், நான்கு சக்கர இயக்க வண்டி கட்டாயம். பனியாற்று ஆறுகளைக் காலையிலேயே கடந்துவிடுங்கள். வெயில் ஏற ஏறப் பனி உருகி, பிற்பகலில் நீர் உயரும். குறுகி அமைதியாக ஓடும் இடம்தான் ஆழம், அகன்று சலசலக்கும் இடத்தில் ஆழம் குறைவு. முதல் கியரில், நின்றுவிடாமல், நீரோட்டத்தோடு சற்றுச் சாய்வாகப் போங்கள். நடுவில் கியர் மாற்றாதீர்கள். பாதையை விட்டுப் பாசிமேல் ஏற்றவே ஏற்றாதீர்கள். சட்டப்படி குற்றம், அந்தத் தடம் ஆறப் பல பத்தாண்டுகள் ஆகும்.

ரெய்க்யாவிக்கிலிருந்து:

டிசம்பரையும் சேர்த்துவிடுகிறேன். 23-ஆம் தேதி புளிக்கவைத்த திருக்கை மீன் சமைப்பார்கள். அம்மோனியா நெடி கம்பளி உடையில் ஏறினால் லேசில் போகாது, மேல்கோட்டை வெளியிலேயே மாட்டிவிட்டு உள்ளே போங்கள். 24-ஆம் தேதி மாலை 6 மணிக்கு மணியடித்துக் கிறிஸ்துமஸ் பண்டிகை தொடங்கும். கடைகள் அதற்கு வெகுமுன்பே மூடிவிடும், பாலும் ரொட்டியும் முதல் நாளே வாங்கி வையுங்கள். வருடக் கடைசி வாணவெடியை மீட்புக் குழுக்களிடமே வாங்குங்கள். மலையில் சிக்கியவரைத் தேடிப் போகும் அந்தத் தன்னார்வலர்களின் செலவுக்கு முக்கிய வருமானம் இந்த விற்பனைதான்.