களைநெல் சாகாத வயலில் அதே விதையைத் தொடரலாமா?

பெனாகா நிலத்துக்காரர்:

வணக்கம். மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், செபராங் பிறை வடக்கில், பெனாகாவில், எங்கள் குடும்ப நிலமும் அதைச் சுற்றியுள்ள வயல்களும் ஒரே வாய்க்காலில் தண்ணீர் எடுக்கின்றன. சென்ற பருவத்தில் இங்கே பலர் கிளியர்ஃபீல்டு நெல் விதைத்து, அதற்குரிய களைக்கொல்லி மருந்தை உரிய நாளில் அடித்தும், ‘பாடி அங்கின்’ என்று நாம் சொல்லும் களைநெல் பல வயல்களில் தப்பி நின்றது. கதிர் வெளிவந்த பிறகுதான் அது கண்ணில் பட்டது. அறுவடை இயந்திரம் வருமுன்பே அதன் மணிகளில் பெரும்பகுதி சேற்றில் கொட்டிவிட்டது.

பின்னணி தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். களைநெல்லும் நெல்லினமே ஆகையால், பயிரைக் காத்துக் களையை மட்டும் கொல்லும் வழக்கமான மருந்துகள் அதைத் தொடுவதில்லை. 1988இல் சிலாங்கூரின் தஞ்சோங் காராங் பகுதியில் முதன்முதலாகப் பதிவான இந்தக் களை, நாற்று நடுவதை விட்டுவிட்டு நேரடி விதைப்புக்கு நாம் மாறியதோடு சேர்ந்தே வடக்கிலும் பரவியது. 2010இல் மலேசிய வேளாண் ஆராய்ச்சிக் கழகமான மார்டி, பிஏஎஸ்எஃப் என்னும் வேதிப்பொருள் நிறுவனத்துடன் இணைந்து எம்ஆர் 220 சிஎல்1, சிஎல்2 என்ற இரண்டு கிளியர்ஃபீல்டு இரகங்களை வெளியிட்டது. இமாசாபிக், இமாசாபைர் என்னும் இரு மருந்துகளின் கலவையைத் தாங்கி நிற்கும்படி உருவாக்கப்பட்டவை அவை. மருந்து விழுந்தால் பயிர் நிற்கும், களைநெல் மடியும் என்பதுதான் அந்த ஏற்பாடு. எங்கள் வாய்க்காலில் அது இப்போது பலிக்கவில்லை.

தப்பிய களைநெல் காணப்பட்ட வயல்கள் அனைத்திலும் குறைந்தது நான்கு பருவங்களுக்குக் கிளியர்ஃபீல்டு விதையை நிறுத்திவிட்டு, இயந்திர நாற்றுநடவுக்குத் திரும்ப வேண்டும் என்று அடுத்த விவசாயிகள் கூட்டத்தில் கேட்கப் போகிறேன். மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

கெப்பாளா பத்தாஸ் குத்தகையாளர்:

ஐயா, உங்கள் கவலையில் நியாயம் இருக்கிறது. ஆனால் நீங்கள் சொல்லும் தீர்வின் செலவு முழுவதும் எங்களைப் போன்ற குத்தகைக்காரர்களின் தலையில்தான் விழும். நாற்றுத் தட்டு, நாற்றங்கால் மண், இயந்திர வாடகை என எல்லாவற்றுக்கும் பணத்தை முன்னதாகவே எண்ணி வைக்க வேண்டும். இயந்திரம் வைத்திருப்பவர்கள் சிலரே. அவர்களுடைய வரிசையில் நம் முறை வருவதற்குள் நாற்று முற்றிவிடுகிறது. போதாக்குறைக்கு, என் வயலின் தாழ்ந்த மூலையில் சேறு ஆழமாக இருப்பதால் அங்கே சக்கரம் புதைந்துவிடும்; அந்த இடத்தைக் கையால்தான் நட வேண்டும், கையால் நட இன்று யார் வருகிறார்கள்?

கிளியர்ஃபீல்டு வருவதற்கு முன்பு நாங்கள் பட்ட பாட்டையும் இந்த இடத்தில் எழுதி வைக்க விரும்புகிறேன். களைநெல் மண்டிய வயலில் அறுவடை செய்வதா, அப்படியே உழுதுவிடுவதா என்று கணக்குப் பார்த்த பருவங்கள் உண்டு. அறுத்து ஆலைக்குக் கொண்டுபோனாலும், சிவப்பரிசி கலந்திருக்கிறது, பதர் அதிகம் என்று எடையில் பிடித்தம் செய்தார்கள். அந்த நிலையிலிருந்து எங்களைத் தூக்கிவிட்டது இந்த விதைதான். சில வயல்களில் சில செடிகள் தப்பியதற்காக அதை நான்கு பருவங்கள் முடக்கிவைப்பது, இன்னும் நன்றாக வேலை செய்யும் வயல்களையும் சேர்த்துத் தண்டிப்பதாகும்.

பட்டர்வொர்த் மருந்துக்கடைப் பணியாளர்:

நான் விற்பனைப் பக்கம் இருப்பவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு மருந்து கேட்கவில்லை என்றால் மருந்தை மாற்றுவதுதான் முறை. பிஸ்பைரிபேக் இருக்கிறது, பெனாக்சுலம் இருக்கிறது, நெல்லுக்கென்றே வந்த கலவைகளும் பல இருக்கின்றன. கடைக்கு வருபவர்கள் பெரும்பாலும் டப்பாவில் எழுதியதைவிடக் குறைவாகக் கலக்குகிறார்கள். அல்லது வயலில் தண்ணீர் ததும்பி நிற்கும்போதே அடித்துவிடுகிறார்கள். அளவைச் சரியாக வைத்து, தேவைப்பட்டால் சற்றுக் கூட்டி, இரண்டாம் முறையும் அடித்தால் பெரும்பாலான புகார்கள் வராது. விதையையே நிறுத்தும் அளவுக்குப் போக வேண்டியதில்லை என்பது என் எண்ணம்.

களையியல் மாணவி, பினாங்கு:

அண்ணன் சொல்லும் தெளிப்புப் பிழைகள் உண்மையானவை. அவற்றை ஒதுக்கிவிட்டுப் பேச முடியாது. ஆனால் மருந்தை மாற்றுவது பற்றிச் சொன்னதில் இரண்டு பெரிய சிக்கல்கள் இருக்கின்றன. அவற்றைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இந்த விவாதம் முழுவதும் அவற்றின் மேல்தான் நிற்கிறது.

முதலாவது, பிஸ்பைரிபேக்கும் பெனாக்சுலமும் நெல்லைச் சேதப்படுத்தாத மருந்துகள். அதனால்தான் அவற்றை நெல் வயலில் அடிக்க முடிகிறது. அதே காரணத்தால்தான் அவை களைநெல்லையும் கொல்வதில்லை. குதிரைவாலிப் புல்லுக்கும் கோரைக்கும் அவை பயன்படலாம், பாடி அங்கினுக்கு அல்ல.

இரண்டாவது சிக்கல் இன்னும் ஆழமானது. இமாசாபிக், இமாசாபைர், பிஸ்பைரிபேக், பெனாக்சுலம், நம்மவர்கள் பல காலமாக அடித்துவரும் பென்சல்ஃபியூரான் ஆகிய அனைத்தும் செடிக்குள் ஒரே நொதியைத்தான் முடக்குகின்றன. ஏஎல்எஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் அந்த நொதி இல்லாவிட்டால் வாலின், லியூசின், ஐசோலியூசின் என்னும் மூன்று அமினோ அமிலங்களைச் செடியால் உண்டாக்க முடியாது. குருத்து மஞ்சளித்து, வளர்ச்சி நின்று, மெல்லச் சாகும். கடையில் ஐந்து டப்பாக்கள் ஐந்து பெயர்களில் அடுக்கப்பட்டிருந்தாலும், களையைப் பொறுத்தவரை அவை ஒரே பூட்டுக்குப் போடும் ஐந்து சாவிகள்தாம். பருவத்துக்கு ஒன்றாக அவற்றை மாற்றி மாற்றி அடிக்கும் விவசாயி சுழற்சி செய்வதாக நம்புகிறார். களையோ ஒரே அழுத்தத்தின் கீழ்த் தலைமுறை தலைமுறையாகத் தேறிக்கொண்டிருக்கிறது.

கிளியர்ஃபீல்டு இரகத்தில் அந்த நொதியின் அமைப்பு ஓரிடத்தில் மாறியிருப்பதால் மருந்து அதில் ஒட்டுவதில்லை. அந்த மாற்றம் மரபணுவைப் புகுத்தி வந்ததன்று. சடுதி மாற்றத்தின் மூலம் அமெரிக்காவின் லூசியானாவில் தேர்ந்தெடுக்கப்பட்ட வரிசையிலிருந்து இனக்கலப்பால் வந்தது. கெடா, பெர்லிஸ் வயல்களில் தப்பிய களைநெல்லிலும் அதே மாற்றத்தை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். நெல் பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுறுகிறது. அயல்கலப்பு பொதுவாக நூற்றுக்கு ஒன்றைவிடக் குறைவு. ஆனால் பயிரும் களைநெல்லும் ஒரே நாள்களில் பூக்கும் வயலில், அந்தச் சிறு விகிதம்கூட எத்தனை மணிகளாகும் என்று எண்ணிப் பாருங்கள். அந்த மணிகளிலிருந்து முளைப்பவற்றை அடுத்த பருவத்தில் மருந்து தொடாது. அவற்றின் போட்டியாளர்களை மட்டும் அகற்றிக் கொடுக்கும். இப்படிப்பட்ட செடிக்கு அளவைக் கூட்டி அடிப்பதால் பயன் மிகக் குறைவு, மண்ணில் எச்சம்தான் கூடும்.

இது புதிய கதையும் அல்ல. கெடா பக்கத்து மூடா சமவெளியில் 2,4-டி என்னும் களைக்கொல்லியைப் பருவம் தவறாமல் அடித்த வயல்களில், அதற்கு மடியாத கோரை வகை ஒன்று 1989இலேயே பதிவாகிவிட்டது.

பட்டர்வொர்த் மருந்துக்கடைப் பணியாளர்:

விளக்கத்துக்கு நன்றி, தங்கச்சி. டப்பாவின் மேல் எந்தக் குழு மருந்து என்று பெரிய எழுத்தில் இருந்தால் நாங்களும் கேட்டு வருபவர்களிடம் அதைக் காட்டிச் சொல்லலாம். ஆனாலும் கடைகளை மட்டும் குறை சொல்வதை நான் ஏற்கவில்லை. சான்று பெற்ற விதையை ஒரு முறை வாங்கிவிட்டு, அடுத்த பருவத்துக்குத் தன் வயல் நெல்லையே எடுத்து விதைப்பவர்கள் எத்தனை பேர்? அந்த மூட்டைக்குள் களைநெல்லும் சேர்ந்துதானே போகிறது?

சுங்கை ஆச்சே ஓய்வுபெற்ற விரிவாக்கப் பணியாளர்:

தம்பி கடைசியாகச் சொன்னதை நான் அழுத்தமாக ஆமோதிக்கிறேன். அதோடு, இதுவரை யாரும் தொடாத ஒன்றையும் சேர்க்கிறேன்: அறுவடை இயந்திரம்.

நம் பக்கம் ஒரு பெரிய இயந்திரம் கெடாவில் தொடங்கி, ஆற்றைக் கடந்து பெனாகா, கெப்பாளா பத்தாஸ் என்று இறங்கி, சில நேரம் எங்கள் சுங்கை ஆச்சே வரை வருகிறது. ஒரு வயலை முடித்தவுடன் அடுத்த வரப்பில் ஏறிவிடும். அதன் அடிப்பக்க மூடியைத் திறந்து பாருங்கள். மணியை மேலே ஏற்றும் குழாயின் அடியிலும், சல்லடைத் தட்டின் இடுக்குகளிலும், சங்கிலிப் பட்டையில் அப்பிய சேற்றிலும் கை நிறைய நெல் கிடக்கும். அதில் மீசை நீண்ட, கறுத்த உமியுடைய மணிகளைத் தனியாகப் பொறுக்கி எடுக்க முடியும். நேற்று ஒருவர் வயலில் கொட்டியதை இன்று மற்றவர் வயலில் விதைக்கும் வேலையை அந்த இயந்திரம் கூலி வாங்கிக்கொண்டு செய்கிறது. மூடியைத் திறந்துவிட்டுச் சற்று நேரம் வெறுமனே ஓட்டி, காற்றடித்துத் துடைத்த பிறகே அடுத்த வயலுக்குள் இறக்க வேண்டும் என்றும், சுத்தமான வயல்களை முதலிலும் களைநெல் உள்ளவற்றைக் கடைசியிலும் அறுக்க வேண்டும் என்றும் ஒரு வாய்க்கால்காரர்கள் கூடி முடிவெடுத்தால், அதற்குச் செலவு அதிகமில்லை.

அறுவடை முடிந்தவுடன் அவசரமாக ஆழ உழுவதும் தவறு. மேலே கிடக்கும் மணியை எலியும் பறவையும் தின்னும், வெயிலும் மழையும் கெடுக்கும். ஆழத்தில் புதைந்த மணியோ உறங்கிக் கிடந்து, பிந்திய பருவங்களில் முளைக்கும். மேலாக ஈரம் காட்டி, முளைப்பதை முளைக்கவிட்டு, பிறகு சேற்றுழவில் மடக்குவது பழைய முறைதான். அதை இரண்டு முறை செய்தால் பலன் நன்றாகத் தெரியும். இரண்டு பருவங்களுக்கு இடையில் தண்ணீர் அட்டவணை அதற்கு நாள் கொடுப்பதில்லை என்பதுதான் நம் உண்மையான தடை. கூட்டத்தில் முதலில் கேட்க வேண்டியது அந்த இரண்டு மூன்று வாரத்தைத்தான் என்பேன்.

கெப்பாளா பத்தாஸ் குத்தகையாளர்:

பெரியவர் சொன்ன இயந்திரச் சுத்தத்துக்கு நான் இப்போதே சம்மதிக்கிறேன். முளைக்கவிட்டு மடக்குவதற்கும் சம்மதம், தண்ணீர் கிடைத்தால். நாற்றுநடவில்தான் என் மறுப்பு அப்படியே நிற்கிறது. மாணவியிடம் ஒரு கேள்வி: ஒரு பருவம் கிளியர்ஃபீல்டு, ஒரு பருவம் சாதாரண இரகம் என்று மாற்றிப் போட்டால் போதாதா? நான்கு பருவங்கள் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது?

களையியல் மாணவி, பினாங்கு:

நான்கு என்பது நிலத்துக்காரர் ஐயா வைத்த எண். என்னைக் கேட்டால், மண்ணில் கிடக்கும் களைநெல் சில ஆண்டுகள் உயிரோடு இருக்கும் என்பதால், பருவங்களை எண்ணுவதைவிட வயலில் என்ன முளைக்கிறது என்பதைப் பார்த்து முடிவெடுப்பதே சரி. ஒரு பருவம் விட்டு ஒரு பருவம் என்பதில் வேறொரு தொல்லையும் உண்டு. இந்த மருந்துகளைச் சிதைப்பவை பெரும்பாலும் காற்றுள்ள மண்ணின் நுண்ணுயிர்கள்; தண்ணீர் நின்ற மண்ணில் எச்சம் நீடித்து, அடுத்து வரும் சாதாரண இரகத்தின் நாற்றை வாட்டக்கூடும். வயலை வடித்து, காயவிட்டு, உலர் உழவு செய்த பிறகே சாதாரண இரகத்துக்குப் போக வேண்டும்.

நாற்றுநடவை நான் ஆதரிப்பதற்குக் காரணம் மருந்தின் மேல் வெறுப்பன்று. நடும்போதே நாற்றுக்குப் பதினைந்து இருபது நாள் வயதாகிவிடுகிறது. அது நட்ட நாளிலிருந்தே தண்ணீரைத் தாங்கும், சேற்றுக்குள் கிடக்கும் களைநெல்லோ அந்தத் தண்ணீருக்குக் கீழே முளைக்கத் திணறும். மீறி முளைப்பது வரிசைக்கு வெளியே நிற்பதால், கதிர் விடும்வரை காத்திராமலே பிடுங்கிவிடலாம். விதைத்த வயலில் இந்த இரண்டு வசதியும் இல்லை.

பெனாகா நிலத்துக்காரர்:

குத்தகையாளர் தம்பிக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். நாற்றுநடவுக்கு மாறும் பருவத்தில் கூடுதல் செலவைக் குத்தகைத் தொகையில் கழித்துக்கொள்ள எங்கள் குடும்பம் தயார். மற்ற நிலத்துக்காரர்களிடமும் இதைக் கேட்பேன். நிலத்தின் மதிப்பைக் காப்பாற்றும் வேலைக்கு, நிலம் வைத்திருப்பவர் பங்கு கொடுக்காமல் இருப்பது முறையாகாது. நான்கு என்ற எண்ணையும் நான் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. ஆனால் தப்பிய களைநெல் எதிர்ப்புத் திறன் பெற்றதா, தெளிப்புப் பிழையால் தப்பியதா என்று தெரியாமல் அடுத்த பருவத்துக்கு அதே விதையை வாங்குவதை என்னால் ஏற்க முடியாது. அதை நாமே சோதித்துப் பார்க்க வழி உண்டா?

களையியல் மாணவி, பினாங்கு:

உண்டு. தப்பிய செடிகளின் மணிகளை வயல்வாரியாகத் தனித்தனிக் காகிதப் பைகளில் சேகரியுங்கள். உறக்கம் நீங்குவதற்காகச் சில வாரங்கள் உலர வையுங்கள். பிறகு நாற்றுத் தட்டுகளில் அவற்றை விதைத்து, பக்கத்திலேயே ஒரு தட்டில் கிளியர்ஃபீல்டு விதையும் இன்னொன்றில் சாதாரண எம்ஆர் இரகமும் போடுங்கள். இரண்டு மூன்று இலை வந்ததும் டப்பாவில் எழுதிய அளவிலேயே எல்லாத் தட்டுகளுக்கும் மருந்தை அடித்து, மூன்று வாரம் கழித்துப் பாருங்கள். சாதாரண இரகம் செத்துக் களைநெல் பச்சையாக நின்றால் அது எதிர்ப்புத் திறன் பெற்றது. சாதாரண இரகமே சாகவில்லை என்றால் தெளிப்பில்தான் கோளாறு. சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும். தட்டுகளைக் கழுவிய தண்ணீரும் மிஞ்சிய மணியும் வாய்க்காலில் சேரக்கூடாது.

கெப்பாளா பத்தாஸ் குத்தகையாளர்:

குத்தகையில் கழிப்பதாகச் சொன்னதை எழுத்தில் கொடுத்தால் அந்த ஒரு பருவம் நாற்று நடுகிறேன், ஐயா; என் தாழ்ந்த மூலை மட்டும் விதைப்பாகவே இருக்கும், அங்கே தப்புவதை மணி கொட்டுமுன் நானே அறுத்தெடுப்பேன். சோதனைக்கு என் வயலின் மணியையும் தருகிறேன். ஆனால் விதைக்குப் பதிவு செய்யும் நாள் மூன்று வாரம் காத்திருக்காது. களைநெல் தப்பாத மேட்டு வயல்களுக்குக் கிளியர்ஃபீல்டு மூட்டைகளை இந்த வாரமே சொல்லிவைக்கிறேன். அதை இந்தக் கூட்டம் தடுக்கக்கூடாது.

பெனாகா நிலத்துக்காரர்:

மேட்டு வயலும் அதே இயந்திரம் ஏறிய வயல்தான், தம்பி. அங்கிருந்தும் மணி எடுத்துத் தட்டில் போடுவோம், பிறகு மூட்டையைப் பிரிக்கலாம். சான்று விதைக்கான ரசீதும் இயந்திரத்தைத் துடைக்கும் ஏற்பாடும் இல்லாத வயலுக்குச் சம்மதம் கொடுக்க வேண்டாம் என்று கூட்டத்தில் நான் கேட்கத்தான் செய்வேன்.