இரண்டு கொப்பி வைத்திருந்த முதலாளி

ஊர் அரசியலுக்குப் போன வியாபாரிகளைப் பற்றி இங்கே பலரும் எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலும் கசப்புத்தான். நான் பார்த்த ஒருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். மேயர் அளவுக்குப் பெரிய ஆள் இல்லை. திருகோணமலை நகரசபையில் ஓர் உறுப்பினர், ஹாட்வெயார் கடை முதலாளி. பெயர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது.

2018 பெப்ரவரி உள்ளூராட்சித் தேர்தலில் வட்டார முறை திரும்பி வந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஆசனங்களில் 60 வீதம் வட்டாரங்களுக்கு, அந்தந்த வட்டாரத்துச் சனமே தங்கள் உறுப்பினரைத் தெரிவு செய்யும். அதனால் எங்கள் தெருவுக்கு யார் பொறுப்பு என்று சின்னப் பிள்ளைக்கும் தெரிந்தது. அவருடைய கடை அப்படியே கந்தோர் மாதிரி ஆகிவிட்டது. ஆணி வாங்க வந்தவரும், தெரு லைட் எரியவில்லை என்று சொல்ல வந்தவரும் ஒரே மேசைக்கு முன்னால் நிற்பார்கள்.

மேசை லாச்சிக்குள் இரண்டு சி.ஆர். கொப்பி, அதாவது தடித்த மட்டைக் கொப்பி, இருந்தது. சிவப்பு மட்டை போட்டது கடன் கணக்கு. நீலம் சனத்தின் முறைப்பாடு. லைட் என்றால் முதலில் "போஸ்ட் நம்பர் என்ன?" என்று கேட்பார். நம்பர் தெரியாதவரைத் திருப்பி அனுப்பி, பார்த்துக்கொண்டு வரச் சொல்வார். எனக்கு ஒருமுறை கோபம் வந்தது. பிறகுதான் விளங்கியது, நம்பர் இல்லாமல் எழுதிக் கொடுத்தால் வேலைக்கு வருபவர்கள் எந்தக் கம்பத்தில் ஏறுவார்கள்? தண்ணீர் வரவில்லை என்று வந்தால், "அது நீர் வழங்கல் சபை, அங்க போங்கோ" என்று நேரே சொல்லிவிடுவார். பார்த்துச் செய்வோம் என்று ஒருவரையும் அலையவிட்டதில்லை. எனக்கு அவரில் பிடித்ததே அதுதான்.

2019 மாரி மழைக்கு எங்கள் கடைத்தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். காரணம் எல்லோருக்கும் தெரியும். மோட்டார் சைக்கிள் ஏற்றுவதற்காகக் கடைக்காரர்கள் வடிகானுக்கு மேல் கொங்கிறீட் போட்டு மூடியிருந்தார்கள். துப்புரவுத் தொழிலாளர்களால் உள்ளே கைவிட முடியாது. உடைக்கச் சொன்னால் சக வியாபாரிகள் பகை, சொல்லாவிட்டால் வீடுகளுக்குள் தண்ணீர். அவர் ஒன்றும் பேசவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, தன் கடை வாசல் கொங்கிறீட்டைத் தானே அலவாங்கால் உடைக்கத் தொடங்கினார். நானும் கை கொடுத்தேன். அடியில் இருந்து யோகட் கப்பும் சொப்பிங் பையும் கறுத்த சேற்றோடு வாளி வாளியாக வந்தன. மத்தியானத்துக்குள் பக்கத்துக் கடையிலும் அலவாங்குச் சத்தம் கேட்டது. இரண்டு கடைக்காரர்கள் கடைசிவரை உடைக்கவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அப்புறம் 2022. அக்காவின் குசினி கட்ட 20 பை சீமெந்துக்கு முற்பணம் கொடுத்திருந்தேன். டொலர் ஏற, சீமெந்து விலை வாரத்துக்கு வாரம் மாறியது. சீமெந்துத் தொழிற்சாலை எங்கள் சீனக்குடாவிலேயே இருக்கிறது, என்றாலும் விலை எங்களுக்கும் அதே விலைதான். பயந்து பயந்து போனேன். சிவப்புக் கொப்பியைத் திறந்து என் பெயருக்குக் கீழே விரலை வைத்தார்.

"இருபதும் பழைய விலைக்குத் தர ஏலாது தம்பி, கடையை மூட வேண்டி வரும். பத்து தாறன். மிச்சக் காசைக் கொண்டு போங்கோ."

எல்லாம் தருகிறேன் என்று சொல்லி இழுத்தடித்திருந்தால் நான் அவரை நம்பியிருக்க மாட்டேன். அந்தப் பத்துப் பையில் சுவர் எழும்பியது. பூச்சு வேலைக்கு ஒன்றரை வருடம் காத்திருந்தோம்.

2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்து, நிர்வாகம் நகரசபைச் செயலாளர் கைக்குப் போனது. அதற்குப் பிறகு ஒருநாள் பெயின்ட் வாங்கப் போனபோது, ஒரு வயதான அம்மா லைட் விஷயமாக வந்து நின்றார். "நான் இப்ப மெம்பர் இல்லை அம்மா" என்றார். பிறகு நீலக் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து, செயலாளருக்குக் கடிதம் எழுதத் தொடங்கினார்.

"போஸ்ட் நம்பர் என்ன அம்மா?"