விர்ஜினியன் ரயில்வே: நிலக்கரிப் பாதைக்கு மின்சாரம் எதற்கு?

கேள்வி (கரித்தடம்):
அமெரிக்காவின் மேற்கு விர்ஜினியா மலைகளில் வெட்டிய நிலக்கரியை நார்ஃபோக் துறைமுகத்துக்குக் கொண்டு செல்வதற்காக, எண்ணெய்த் தொழிலில் பெரும்பொருள் ஈட்டிய ஹென்றி ரோஜர்ஸின் முதலீட்டில் கட்டப்பட்டு 1909-இல் முழுமை பெற்றது விர்ஜினியன் ரயில்வே. 1920-களின் நடுவில் அது மல்லன்ஸ் முதல் ரோனோக் வரையிலான 134 மைல் பாதையை மின்மயமாக்கியது. தன் வண்டிகளிலேயே எரிபொருளை ஏற்றிச் சென்ற ஒரு நிறுவனம் ஏறத்தாழ 1.5 கோடி டாலர் செலவில் மின்கம்பி இழுக்க வேண்டிய தேவை என்ன? இழுத்ததை 1962-இல் கைவிட்டது ஏன்? ‘டீசல் வந்துவிட்டது’ என்ற விடையைப் பலரும் சொல்கிறார்கள். அது எனக்குப் போதவில்லை.

மறுமொழி (ஏற்றப்பாதை):
எரிபொருள் செலவு முதன்மைக் காரணம் அன்று. மின்சாரமும் நிலக்கரியிலிருந்தே வந்தது. நியூ ஆற்றங்கரையில் நாரோஸ் என்னுமிடத்தில் நிறுவனமே ஓர் அனல்மின் நிலையத்தைக் கட்டியிருந்தது. சிக்கல் முழுவதும், வண்டிகளைக் கோத்துச் சேர்க்கும் எல்மோர் யார்டிலிருந்து கிளார்க்ஸ் கேப் என்ற மலைக்கணவாய்க்கு ஏறும் பாதையில் இருந்தது. அங்கே ஏற்றம் 2.07 விழுக்காடு, அதாவது 100 அடி தொலைவுக்கு 2 அடிக்குச் சற்று மேல். அந்த ஏற்றத்தைச் சுமையோடு வரும் வண்டிகளே ஏற வேண்டியிருந்தது.

நீராவியால் இயன்றதையெல்லாம் அவர்கள் செய்து பார்த்தார்கள். 1916-இல் வாங்கிய, மூன்று தொகுதி இயக்கு சக்கரங்கள் கொண்ட எஞ்சினுக்குப் போதிய நீராவியை அதன் கொதிகலனால் தர முடியவில்லை. 1918-இல் வந்த எஞ்சின்களில், ஒருமுறை பயன்பட்ட நீராவியை மீண்டும் பயன்படுத்தும் தாழ்அழுத்த உருளைகள் 48 அங்குல விட்டம் கொண்ட அளவுக்குப் பெரியவை. அத்தகைய எஞ்சின்கள் பின்னிருந்து தள்ளியும் 5,500 டன் வண்டி மணிக்கு 7 மைல் அளவிலேயே ஊர்ந்தது. ஒரு வண்டி அப்படி ஊரும் வரை அடுத்த வண்டி காத்துக் கிடக்க வேண்டும். மின்சார எஞ்சின்கள் 6,000 டன்னை 14 மைல் வேகத்தில் ஏற்றின. புதிதாகத் தண்டவாளம் போடாமலேயே பாதையின் கொள்ளளவு பெருகியது என்பதுதான் அந்த முதலீட்டின் பொருள்.

மறுமொழி (மும்முனை):
ஒன்றைச் சேர்க்க வேண்டும். அந்த மலைப்பகுதியில் முதலில் கம்பி இழுத்தது விர்ஜினியன் அன்று, அதன் போட்டியாளரான நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன். எல்க்ஹார்ன் ஏற்றத்தின் உச்சியில் இருந்த ஒற்றைத்தடச் சுரங்கப்பாதை புகையால் நிரம்பியதும், வண்டிகள் அங்கே நெரிசல்பட்டதும் அதற்குக் காரணங்கள். 1915-இல் ப்ளூஃபீல்டு பகுதியில் அது தொடங்கிய 11,000 வோல்ட், நொடிக்கு 25 சுழற்சி மாறுமின்னோட்ட முறையையே பின்னர் விர்ஜினியனும் பின்பற்றியது.

அந்த எஞ்சின்களின் உள்ளமைப்பு எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. மேலே ஓடியது ஒற்றைக் கம்பியில் ஒருமுனை மின்சாரம். எஞ்சினுக்குள் இருந்த சுழல் இயந்திரம் ஒன்று அதை மும்முனையாக மாற்றித் தூண்டல் மோட்டார்களுக்கு அளித்தது. அத்தகைய மோட்டாரின் வேகம் மின்சாரத்தின் சுழற்சியை ஒட்டியே அமையும் என்பதால் நிலையான வேகங்கள் 14 மைல், 28 மைல் என இரண்டு மட்டுமே. புறப்படும்போது தேவைப்பட்ட மின்தடையைத் தொட்டிகளில் இருந்த நீர்மக் கரைசல் அளித்தது. கரைசலின் மட்டம் உயர உயர மோட்டாரின் வேகம் கூடியது. இறக்கத்தில் அதே மோட்டார்கள் மின்னாக்கிகளாகி, வண்டியை ஒரே வேகத்தில் பிடித்து வைத்துக்கொண்டு, ஏறி வரும் வேறொரு வண்டிக்கு மின்சாரம் அனுப்பின. பிரேக் கட்டைகள் தீய்ந்து தேய்வது பெரிதும் குறைந்தது. மலைப்பாதையில் பணிபுரிந்தவர்களுக்கு இது சிறிய செய்தியாக இருந்திருக்காது.

மறுமொழி (பழையதடம்):
இரண்டாம் கேள்விக்கு வருகிறேன். டீசல் ஒரு காரணம்தான். ஆனால் விர்ஜினியன் தானாக மின்சாரத்தைக் கைவிட நினைக்கவில்லை. 1948-இல் புதிய எஞ்சின்கள் வாங்கியது. 1956, 57-இல், மின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கும் கருவியுடன் கூடிய 3,300 குதிரைத்திறன் எஞ்சின்கள் 12 வாங்கியது. கைவிடப்போகும் நிறுவனம் இவ்வாறு செலவிடுமா?

திருப்பம் 1959 டிசம்பரில் நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்னுடன் இணைந்தபோது வந்தது. அந்நிறுவனம் எல்க்ஹார்னில் இரட்டைத்தடப் புதிய சுரங்கப்பாதையைக் குடைந்து, 1950-இலேயே தன் மின்கம்பிகளை அகற்றியிருந்தது. இணைப்புக்குப் பின் இரு பாதைகளும் ஒரே கையில் வந்தன. துறைமுகம் நோக்கிக் கிழக்கே செல்லும் சுமைவண்டிகளை விர்ஜினியன் தடத்திலும், மேற்கே திரும்பும் வண்டிகளைத் தன் பழைய தடத்திலும் விட்டார்கள். பழைய தடத்தில் கம்பி இல்லை. கிழக்கே போன மின்சார எஞ்சின் திரும்பி வர வண்டி இல்லாமல் நின்றது. ஒருவழிப் போக்குவரத்தை மின்சாரத்தால் நடத்துவது கட்டுப்படியாகாது என்று 1962-இல் நிறுத்திவிட்டார்கள். என் பார்வையில், எஞ்சின்களின் தகுதிக்குறைவைவிடப் பாதைகளின் இணைப்பே இதை முடித்து வைத்தது.

கேள்வி கேட்டவர் (கரித்தடம்):
நன்றி. 1956, 57-இல் வாங்கிய அந்த எஞ்சின்கள் என்ன ஆயின? ஐந்தாறு ஆண்டுகளில் அவை பழைய இரும்பாகியிருக்க முடியாதல்லவா?

மறுமொழி (பழையதடம்):
ஆகவில்லை. நியூ ஹேவன் ரயில்வேயும் அதே 11,000 வோல்ட், 25 சுழற்சி மின்சாரத்தில் ஓடியதால், 1963-இல் அவற்றை வாங்கிக்கொண்டது. பிறகு பென் சென்ட்ரல், கான்ரெயில் என்ற ரயில் நிறுவனங்களுக்குக் கைமாறி, 1980-களின் தொடக்கம் வரை சரக்கு இழுத்தன. அவற்றுள் 135 எண் கொண்டது இப்போது ரோனோக் அருங்காட்சியகத்தில் நிற்கிறது.