விழும் குதிரைவீரன் காசு, 13 மி.மீ.: வெட்டிய அசலா, அக்காலத்து நகலா?

கேள்வி

ஒரு வெண்கலக் காசு. விட்டம் 13 மி.மீ., எடை 1.12 கிராம். முகப்பில் முத்துமுடி அணிந்து வலப்புறம் நோக்கும் தலை. பின்புறம் போர்வீரன் ஈட்டியால் குதிரைவீரனைக் குத்துகிறான். ரோமப் பேரரசர் இரண்டாம் கான்ஸ்டான்டியஸின் ‘ஃபெல் டெம்ப் ரெபராட்டியோ’ (‘நற்காலம் மீண்டது’ என்ற வாசகம் கொண்ட) வகை என்று தெரிகிறது. ஆனால் எழுத்துகள் வெறும் கோடுகளாக இருக்கின்றன. அடியில் அக்கசாலைக் குறியும் (காசு அடித்த சாலையைச் சொல்லும் எழுத்துகள்) இல்லை. தேய்மானமா, ஓரம் வெட்டியதா, நகலா?

பதில் 1

இந்த வகை கி.பி. 348-இல் வந்தபோது 5 கிராமை ஒட்டிய பெரிய காசு. பிறகு சுருங்கிக்கொண்டே போய், 350களின் நடுவில் சுமார் 2 முதல் 2.5 கிராம், 16 முதல் 18 மி.மீ. என்று ஆனது. தேய்ந்தால் எடை குறையும், இவ்வளவு விட்டம் குறையாது. எனவே வெட்டியதா நகலா என்பதே கேள்வி.

ஓரத்து முத்துவட்டத்தை, அதாவது எழுத்துகளைச் சுற்றி ஓடும் புள்ளி வட்டத்தைத் தேடுங்கள். வெட்டிய அசலில் அது போயிருக்கும், எழுத்துகளின் தலை அறுந்திருக்கும், உருவங்கள் மட்டும் பழைய அளவிலேயே காசை அடைத்துக்கொண்டு நிற்கும். சிறிய அச்சில் அடித்த நகலில் தலை, எழுத்து, வட்டம் மூன்றும் சேர்ந்தே சிறுத்திருக்கும். வட்டத்தின் ஒரு துண்டு கிடைத்தாலும் போதும், அதைக் கொண்டு முழு விட்டத்தைக் கணக்கிடலாம்.

ஓர் எச்சரிக்கை: பெரிய அச்சைச் சிறு வில்லையில் (அச்சடிக்காத உலோகத் துண்டில்) அடித்த நகல்களும் உண்டு. அவற்றில் வட்டம் உதவாது, செதுக்கிய கையை வைத்துத்தான் சொல்ல முடியும்.

கேட்டவர்

பின்புறத்தில் வட்டம் கால்வாசி தெரிகிறது. கணக்கிட்டால் 11.5 மி.மீ. வருகிறது. ஓர் எழுத்து இடவலம் மாறியிருக்கிறது.

பதில் 2

அப்படியென்றால் அக்காலத்து நகல்தான். கையிலிருந்த காசைப் பார்த்து அப்படியே அச்சில் செதுக்கினால், அடிக்கும்போது எழுத்து திரும்பி விழும். தேய்மானத்தையும் இப்படி விலக்கலாம்: தேய்வு முதலில் மேடுகளைத்தான் தின்னும். தலைமுடியும் முத்துமுடியும் கூர்மையாக இருக்க எழுத்து மட்டும் கோடாக இருந்தால், அது செதுக்கியபோதே அப்படித்தான். குதிரையையும் பாருங்கள், கால்கள் உடலோடு ஒட்டாமல் குச்சிகளாக நிற்பது நகல்களில் மிகச் சாதாரணம்.

353-இல், கான்ஸ்டான்டியஸை எதிர்த்து மேற்கில் ஆட்சியைப் பிடித்திருந்த மக்னென்டியஸ் வீழ்ந்து அவர் காசுகள் செல்லாமல் போயின. பிரிட்டனுக்கும் காலியாவுக்கும் (இன்றைய பிரான்ஸ் பகுதி) புதுக் காசு போதிய அளவு வரவில்லை. சந்தைக்குச் சில்லறை வேண்டியிருந்தது; இந்த நகல்கள் பெருகியது அதனால்தான். ஏமாற்று வேலை என்று மட்டும் இவற்றை ஒதுக்குவது நியாயமில்லை.

சிலவற்றைப் பழைய காசின் மேலேயே அடித்திருக்கிறார்கள். விளக்கை மிகத் தாழ்வாகப் பக்கவாட்டில் வைத்துக் காசை மெல்லச் சுழற்றுங்கள். குதிரைக்கு அடியில் ‘குளோரியா எக்ஸர்சிடஸ்’ (கொடிக்கம்போடு வீரர்கள் நிற்கும் முந்தைய காசு) வகையின் கொடிக்கம்போ வீரனின் காலோ தெரிந்தால் கட்டாயம் படமெடுங்கள்.

பதில் 1

இக்காலப் போலி இல்லை என்பதையும் உறுதி செய்யுங்கள். வார்த்த போலியின் அடையாளங்கள்: விளிம்பைச் சுற்றி வார்ப்புத் தையல், பரப்பில் குமிழ்க்குழிகள், எழுத்தோரங்களில் மழுங்கல். மண் இருந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து மரக்குச்சியால் எடுங்கள். எலுமிச்சைச் சாறு, வினிகர் வேண்டவே வேண்டாம். பச்சைப் படலத்தோடு செதுக்கல் விவரமும் போய்விடும்.

பதிவில் ‘விழும் குதிரைவீரன் நகல், 350களின் நடுப்பகுதி அல்லது சற்றுப் பின்’ என்று எழுதி, எடை, விட்டம், அச்சு வட்டத்தின் அளவு மூன்றையும் சேருங்கள். அக்கசாலை என்ற இடத்தைக் காலியாக விடுங்கள். நகலில் குறி இருந்தாலும் அது மூலக் காசின் ஊரைத்தான் சொல்லும், நகல் அடித்த ஊரை அல்ல.