டாட்ஜிங், பர்னிங்: தமிழில் என்ன சொல்வது?

வணக்கம்.

இருட்டறையில் செய்யும் கறுப்பு வெள்ளைப் புகைப்பட அச்சுக்கான சொற்பட்டியலில் இரண்டு சொற்கள் மட்டும் முட்டி நிற்கின்றன: டாட்ஜிங், பர்னிங். நெகட்டிவின் பிம்பத்தைப் பெரிதாக்கித் தாளில் விழச் செய்யும் என்லார்ஜரின் விளக்கு எரியும்போது தாளின் ஒரு பகுதியில் ஒளி விழாமல் தடுப்பது முன்னது. மற்ற இடங்களை மூடி, ஒரு பகுதிக்கு மட்டும் கூடுதலாக ஒளி தருவது பின்னது. நிழலிடல், எரித்தல் என்று வைக்கலாமா?

---

> நிழலிடல், எரித்தல் என்று வைக்கலாமா?

வேண்டாம் ஐயா. நெகட்டிவிலிருந்து அச்சிடும்போது ஒளி குறைந்த இடம் வெளுக்கும். ‘முகத்துக்கு நிழலிடு’ என்று படிக்கும் புதியவர் முகம் கறுக்கும் என்றுதான் நினைப்பார். ‘எரித்தல்’ இன்னும் குழப்பும். டிஜிட்டல் படத்தில் விவரமே இல்லாமல் வெளுத்துப்போன வானத்தை ‘எரிந்துபோச்சு’ என்கிறோம். இங்கேயோ அது வானத்தைக் கறுக்க வைக்கும் வேலை.

விளைவை வைத்து ‘வெளுத்தல், கறுத்தல்’ என்றும் போக முடியாது. அச்சான படத்தில் பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு கரைசலைத் தடவி வெளுப்பது தனி வேலை, அதற்கு அந்தச் சொல் வேண்டும். கை ஒளியை என்ன செய்கிறது என்பதே பெயராகட்டும்.

---

அப்படியானால் வாய்க்காலுக்குப் போவோம். ஒரு பாத்திக்குத் தண்ணீர் போதும் என்றால் மண்வெட்டியால் மறிக்கிறோம், காய்ந்த பாத்திக்கு மறுபடி பாய்ச்சுகிறோம். ‘ஒளி பாய்ச்சு’ ஏற்கெனவே தமிழில் புழங்குகிறது. ஆகவே மறிப்பு, மறுபாய்ச்சல்.

செய்முறையில் வைத்துப் பார்க்கிறேன்:

அடிப்படை நேரம் (தாள் முழுவதற்கும் ஒளி தரும் நேரம்) 20 வினாடி. மெல்லிய கம்பி நுனியில் காசளவு கறுப்பு அட்டையை ஒட்டி, லென்ஸுக்கும் தாளுக்கும் நடுவில் பிடித்து முகத்தை 4 வினாடி மறிக்கவும். கை நின்றுவிட்டால் முகத்தைச் சுற்றி ஒளிவட்டம் விழும், கம்பியும் வெள்ளைக் கோடாகப் பதியும். அட்டையை ஆட்டிக்கொண்டே கம்பி வரும் திசையையும் மாற்ற வேண்டும். அட்டை தாளை நெருங்க நெருங்க நிழலின் விளிம்பு கூர்மையாகும், உயர்த்தினால் கரையும்.

அடிப்படை நேரமே 8 வினாடி என்றால் மறிக்க அவகாசம் இருக்காது. லென்ஸின் திறப்பை எஃப் 8இலிருந்து எஃப் 11க்குக் குறைத்தால் ஒளி பாதியாகி நேரம் இரட்டிக்கும். நெகட்டிவின் நிழல் பகுதியில் விவரமே இல்லையென்றால் எவ்வளவு மறித்தாலும் பயனில்லை. கருமை போய்ச் சேற்றுச் சாம்பல்தான் மிஞ்சும். கறுப்பு வெள்ளையின் உயிரே அந்த ஆழ்ந்த கருமைதான். அதை இழந்து முகத்தை மீட்பது நட்டம்.

மறுபாய்ச்சலுக்குத் துளையிட்ட அட்டை. தாளைவிடப் பெரிதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஓரங்கள் கறுத்துவிடும். மேல்பக்கம் வெள்ளையாக இருந்தால் பிம்பம் தெரியும், துளையை இடம்பார்த்து நகர்த்தலாம். அடிப்பக்கம் கறுப்பு, தாளில் பட்டுத் தெறிக்கும் ஒளி மீண்டும் தாளுக்குப் போகாமலிருக்க. வடிகட்டிக்கேற்ப கறுப்பு வெள்ளை வேறுபாடு கூடிக் குறையும் மல்டிகிரேட் தாளில் வானம் பிடிவாதமாக வெளுத்தே நின்றால், வேறுபாட்டை மிகவும் குறைக்கும் 00 வடிகட்டி போட்டு மறுபாய்ச்சினால் மெல்லிய சாம்பல் இறங்கும்.

---

> மறிப்பு, மறுபாய்ச்சல்

செய்முறையில் தடையின்றி ஓடுகிறது. ஒரே ஐயம்: இரண்டும் ‘மறி’, ‘மறு’ என்று தொடங்குகின்றன. மங்கிய சிவப்பு விளக்கில் குறிப்பைப் படிப்பவர் தடுமாறுவாரே?

---

குறிப்பில் எழுத்தே வேண்டாம் அம்மா. சோதனை அச்சின் மேல் முகத்தில் −4, வானத்தில் +15 என்று வினாடிக் கணக்கை எழுதுவதே வழக்கம். சொல் பேச்சுக்கும் பாடத்துக்கும்தான்.

‘மறு’ பொருந்துவதற்கு இன்னொரு காரணம்: மறுபாய்ச்சல் ஒரே தடவையோடு முடிவதில்லை. அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் 1941இல் நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸ் ஊருக்கு மேல் நிலவெழுவதை எடுத்த படத்தில், தொடக்ககால அச்சுகளின் வானில் மெல்லிய மேகக் கீற்றுகள் தெரியும். அவர் பின்னாளில் போட்ட அச்சுகளில் வானம் கன்னங்கரேல் என்று இருக்கும். 1948இல் நெகட்டிவின் கீழ்ப்பகுதியை வேதிமுறையில் செறிவூட்டினார். வானத்தைக் கறுக்க வைத்ததோ அச்சிடும்போது கையால் தந்த ஒளி. ஒரே நெகட்டிவுக்குப் பல அச்சுகள், ஒவ்வொன்றிலும் கை தெரிகிறது. இந்தப் படங்களை மக்கள் இன்னும் தேடிப் பார்ப்பதற்கு அதுவும் காரணம்.

மென்பொருளிலும் இச்சொற்கள் நிற்கும். ஃபோட்டோஷாப்பில் அந்தக் கருவிகளின் படம் கம்பியில் ஒட்டிய அட்டையும், குவித்த கையும்தானே.

பட்டியலில் இப்படிச் சேர்க்கிறேன்:

மறிப்பு: அச்சுத்தாளின் ஒரு பகுதிக்கு அடிப்படை நேரத்தில் ஒளியைத் தடுத்தல். வினை: மறி.
மறுபாய்ச்சல்: அடிப்படை நேரம் முடிந்தபின் ஒரு பகுதிக்கு மட்டும் மேலும் ஒளி தருதல். வினை: மறுபாய்ச்சு.