டர்போ மாற்றும்போது ஆயில் ஃப்ளஷ்: டீசல் ஊற்றி ஓட்டலாமா?

தண்டையார்பேட்டை டிசையர் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 2014ஆம் ஆண்டு டீசல் டிசையர், 1248 சிசி இன்ஜின். அண்மைக் காலமாக ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஊளையிடுவதுபோல் சத்தம் கேட்கிறது. காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் நீலப் புகையும் வருகிறது. ஏர் ஹோஸைக் கழற்றி, இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போவின் விசிறியை விரலால் அசைத்துப் பார்த்தேன். தண்டு பக்கவாட்டில் நன்றாகவே ஆடுகிறது; இறக்கைகள் கூட்டின் உட்சுவரில் உரசிய வளையக் கோடு பளிச்சென்று தெரிகிறது. புதிய டர்போவை வாங்கிவிட்டேன். மச்சானுடன் சேர்ந்து வீட்டிலேயே மாட்டலாம் என்று இருக்கிறோம்.

எங்கள் பகுதி மெக்கானிக் அண்ணன் ஒருவர், புதிய டர்போவை மாட்டியபின் பழைய ஆயிலோடு ஒரு லிட்டர் டீசலைக் கலந்து பத்து நிமிடம் ஓட்டி வடித்தால் உள்ளிருக்கும் கசடு முழுவதும் வந்துவிடும் என்கிறார். கடைகளில் இப்படிக் கசடை அலசி எடுப்பதற்கென்றே ஃப்ளஷ் திரவம் அடைத்த டப்பாவும் விற்கிறார்கள். இரண்டில் எது பாதுகாப்பானது? வடித்த ஆயிலை என்ன செய்வது என்றும் சொன்னால் உதவியாக இருக்கும்.

மாதவரம் லாரி ஷெட்

தம்பி, இரண்டுமே வேண்டாம். டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேல் சுழல்வது. அதைத் தாங்குவது பேரிங்கின் உலோகம் அன்று, உலோகத்துக்கும் தண்டுக்கும் இடையே அழுத்தத்தோடு ஓடும் மெல்லிய ஆயில் படலம். டீசல் கலந்தால் அந்தப் படலம் நீர்த்துப்போகும். அதோடு, கரைந்து கிளம்பும் கசடு முதலில் போய்ச் சேருவது புதிய டர்போவுக்குத்தான். அந்தக் கால லாரிகளில் டீசல் ஊற்றி அலசினார்கள் என்பது உண்மை. அவற்றில் பலவற்றில் டர்போவே கிடையாது.

உங்கள் வண்டியில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. இறக்கை ஏற்கெனவே கூட்டில் உரசுவதால், பழைய டர்போவை வைத்துக்கொண்டு ஃப்ளஷ் செய்வதற்காக இன்ஜினை ஓட்டுவதும் ஆபத்தே. தண்டு முறிந்தால் ஆயில் நேராக ஏர் பைப்புக்குள் இறங்கும். டீசல் இன்ஜின் அந்த ஆயிலையே எரிபொருளாக எடுத்துக்கொண்டு கட்டுக்கடங்காமல் ஓடும், சாவியை அணைத்தாலும் நிற்காது. ஆகவே இன்ஜினை இனி ஸ்டார்ட் செய்யாதீர்கள். ஆறிய ஆயில் மெதுவாகத்தான் வடியும் என்பதால், வடிகால் போல்ட்டைக் கழற்றி ஓர் இரவு முழுவதும் அப்படியே விட்டுவிடுங்கள். வண்டியின் அடியில் போகுமுன் இரு பக்கமும் ஜாக் ஸ்டாண்டு நிறுத்துங்கள். வெறும் ஜாக்கை நம்பி யாரும் உள்ளே படுக்கக் கூடாது.

அடுத்து, இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்பைக் கழற்றுங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் உண்மையான ஃப்ளஷ் என்பது இதுதான். ஆயில் பம்ப் உறிஞ்சும் குழாயின் முனையில் ஒரு வலை இருக்கும். அதில் கறுப்புக் கசடு அடைந்திருந்தால் எத்தனை டர்போ மாற்றினாலும் அதே கதிதான். வலையையும் சம்பையும் கழுவி, நன்றாக உலர்த்தி, நூல் உதிராத துணியால் துடையுங்கள். டர்போவுக்கு ஆயில் கொண்டுபோகும் மெல்லிய பைப்பைக் கழுவி மாட்டாமல் புதிதாகவே வாங்கிவிடுங்கள். உள்சுவரில் கரியாக இறுகியது எந்தத் திரவத்துக்கும் முழுமையாக இளகாது. ஆயில் ஃபில்டர், செம்பு வாஷர்கள், கேஸ்கெட்டுகள் எல்லாம் புதியவையாக இருக்கட்டும். டர்போவின் ஆயில் வாய்களில் சிலிக்கான் பேஸ்ட் தடவவே கூடாது. பிதுங்கும் ஒரு துணுக்கு உள்ளே போனாலே ஆயில் வழி அடைபடும்.

காசிமேடு விசைப்படகு

ஃப்ளஷ் டப்பாவை அண்ணன் ஒரேயடியாக ஒதுக்குவதை என்னால் ஏற்க இயலவில்லை. நல்ல நிலையில் இருக்கும் டர்போ, காலம் தவறாமல் ஆயில் மாற்றிய இன்ஜின் என்றால், டப்பாவில் குறிப்பிட்ட அளவும் நேரமும் மீறாமல், ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஐடிலில் மட்டும் ஓட்டி உடனே வடித்தால் கெடுதல் வராது. ஆனால் கேள்வி கேட்டவரின் வண்டி அந்த வகை அன்று என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. பல ஆண்டுக் கசடு ஒரே நேரத்தில் பெயர்ந்தால் அது போய் அடைவது அண்ணன் சொன்ன அதே வலையைத்தான்.

பலரும் மறப்பது, டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரை. பழைய டர்போ கசியவிட்ட ஆயில் அதன் அடியில் தேங்கி நிற்கும். இறக்கையிலிருந்து உதிர்ந்த அலுமினியத் துகளும் அங்கேதான் இருக்கும். அதைக் கழற்றிக் கழுவிக் காயவைக்காமல் புதிய டர்போவை மாட்டினால், முதல் வேகத்திலேயே அந்த ஆயில் முழுவதையும் இன்ஜின் உறிஞ்சிவிடும். கிராங்க் கேஸில், அதாவது இன்ஜினின் கீழ்க்கூட்டில், சேரும் காற்றை வெளியேற்றும் பைப் அடைத்திருக்கிறதா என்றும் ஊதிப் பாருங்கள், ஏனெனில் அது அடைத்திருந்தால் புதிய டர்போவிலும் ஆயில் கசியும், நீங்கள் டர்போ விற்றவரைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள். ஏர் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள். எண்ணூர் நெடுஞ்சாலையின் புழுதியைப் பற்றி நமக்குள் சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை.

எர்ணாவூர்வாசி

வடித்த ஆயிலைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 2016ஆம் ஆண்டின் விதிகளின்படி பயன்படுத்திய ஆயில் அபாயகரக் கழிவு. மூடியுள்ள கேனில் பிடித்து, அனுமதி பெற்ற மறுசுழற்சியாளரிடம் பழைய ஆயிலைச் சேர்க்கும் சர்வீஸ் சென்டர் ஒன்றில் கொடுங்கள். மழைநீர் வடிகாலில் ஊற்றினால் அது பக்கிங்காம் கால்வாய் வழியாக முகத்துவாரத்துக்குத்தான் வரும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்தபோது மீனவர்களின் படகும் வலையும் என்ன ஆயின என்பதைப் பார்த்தவர்கள் நாங்கள்.

தண்டையார்பேட்டை டிசையர்

அனைவருக்கும் நன்றி. அண்ணன் சொன்னபடி சம்பைக் கழற்றிவிட்டோம். வலையில் பாதிக்கும் மேல் தார் போன்ற கசடு படிந்திருந்தது; விரலில் தேய்த்தால் மணல்போல் நறநறக்கிறது. ஆயில் பைப்பை இணைக்கும் பேஞ்சோ போல்ட்டில் ஆயில் போகும் துளை, ஊசி நுழையும் அளவுக்குச் சுருங்கியிருந்தது. புதிய பைப்பும் போல்ட்டும் வாங்கியாயிற்று. மாட்டியவுடன் நேராக ஸ்டார்ட் செய்யலாமா?

மாதவரம் லாரி ஷெட்

கூடாது, தம்பி. பைப்பை இணைக்குமுன் டர்போவின் ஆயில் வாயில் புதிய ஆயிலை ஊற்றி, தண்டைக் கையால் சுற்றிவிடுங்கள். கையேட்டில் உள்ள தரத்திலும் அளவிலும் இன்ஜினுக்கு ஆயில் நிரப்புங்கள். பிறகு இன்ஜின் பற்றிக்கொள்ளாதபடி, டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களின் மின் இணைப்புகளைக் கழற்றிவிட்டு, பத்து விநாடி செல்ஃப் அடிப்பது, சற்று ஆறவிடுவது என்று டாஷ்போர்டில் ஆயில் விளக்கு அணையும்வரை செய்யுங்கள். உயர் அழுத்த டீசல் பைப்புகளில் மட்டும் ஸ்பேனரை வைக்காதீர்கள். அங்கே அழுத்தம் ஆயிரம் பார் (அழுத்த அலகு) என்ற அளவைத் தாண்டும்.

அதன்பின் இணைப்புகளை மாட்டி ஸ்டார்ட் செய்து, ஆக்சிலரேட்டரைத் தொடாமல் ஐந்து நிமிடம் ஐடிலில் விட்டு, கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். மச்சான் ஒரு கனமான பலகையுடன் ஏர் பைப்பின் வாயருகில் நிற்கட்டும். இன்ஜின் தானாக வேகமெடுத்தால் பலகையால் வாயை அடைக்க வேண்டும், கையாலோ துணியாலோ அன்று. ஆயில் விளக்கு மீண்டும் எரிந்தால் உடனே அணைத்துவிடுங்கள். வலையில் அவ்வளவு கசடு இருந்திருப்பதால், மீதமுள்ளதைப் புதிய ஆயிலே மெல்லக் கரைத்து எடுக்கும். எனவே 500 கிலோமீட்டரில் ஆயிலையும் ஃபில்டரையும் மறுபடி மாற்றிவிடுங்கள். அதுவரை வெளிவட்டச் சாலைப் பக்கம் போய் வேகத்தைச் சோதித்துப் பார்க்க வேண்டாம்.